ஐந்து குண்டும் அறுபது குண்டும்

வேலையில் இருந்த 34 வருஷமும் நான் செய்தது ஒரே வேலைதான்: அளப்பது. கோவையில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், கேஜ் இவற்றோடுதான் வாழ்க்கை. ஒரு பொருள் நல்லதா இல்லையா என்று யாராவது கேட்டால் "அளந்து பார்த்துச் சொல்கிறேன்" என்பேன். அந்தப் பெருமையில் வீட்டுக்குள்ளேயே ஒரு தப்பைச் செய்துவிட்டேன். அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பத்தாம் வகுப்புப் படிக்கும்போது துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டாள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் பெண் பிள்ளைகள் கூட்டம் அதிகமாகிவிட்டது. அதில் இவளும் ஒருத்தி. முதல் ஆறு மாதம் கிளப் துப்பாக்கி. பிறகு மாப்பிள்ளை 38 ஆயிரம் ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் தள்ளி ஓர் அட்டை. அதன் நடுவில் கறுப்பு வட்டம், 59.5 மி.மீ. குறுக்களவு. அதற்குள் பத்து மதிப்பெண் வட்டம் வெறும் 11.5 மி.மீ., நம் சட்டைப் பொத்தான் அளவு. ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும், முழங்கையையோ மணிக்கட்டையோ எதன் மேலும் சாய்க்கக் கூடாது. சுடுவது 4.5 மி.மீ. ஈயக் குண்டு. பெல்லட் என்பார்கள். மொத்தம் 60 குண்டு, பத்துப் பத்தாக ஆறு சுற்று. முழு மதிப்பெண் 600. மின்னணு டார்கெட் இருந்தால் 75 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும்.

பேத்தி 545, 550க்குள்ளேயே நின்றுவிட்டாள். மேலே ஏறவில்லை. கிளப்பில் சில பெற்றோர் "இந்த 38 ஆயிரத்தை வெச்சுக்கிட்டு இதுக்கு மேல போக முடியாதுங்க, மொரினி வாங்குங்க" என்று மகளிடம் சொல்லிவிட்டார்கள். மொரினி என்பது சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு. டீலர் சொன்ன விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம். மாப்பிள்ளைக்கு வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு டெபாசிட் இருந்தது, கண் அறுவைக்கும் திடீர்ச் செலவுக்கும் என்று வைத்தது. மகள் நேரடியாகக் கேட்கவில்லை. "அப்பா, நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாள். அது போதாதா எனக்கு?

கோச்சிடம் அனுமதி கேட்டேன். ராணுவத்தில் இருந்து வந்த மனிதர், பொறுமைசாலி. ஞாயிறு மதியம் ரேஞ்ச் காலியாக இருக்கும்போது வரச் சொன்னார். பெஞ்ச் வைஸ், தோல் துண்டுகள், வெர்னியர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மூன்று துப்பாக்கி. முதலாவது, கிளப்பில் கிடந்த பழைய ஸ்பிரிங் பிஸ்டல், குழலை மடக்கிக் குண்டு போடுவது, அந்தக் காலத்தில் ஐந்தாயிரத்துக்கு வாங்கியது. இரண்டாவது பேத்தியுடையது. மூன்றாவது கோச்சின் சொந்த மொரினி. பின்னிரண்டும் சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடுபவை.

மரக் கைப்பிடியைக் கழற்றி, தோல் வைத்து, உடம்புப் பகுதியை வைஸில் கட்டினேன். குழலில் கட்டினால் வளைந்துவிடும், அது தெரியும். ஒரே டப்பாவிலிருந்து எடுத்த தட்டை முனைக் குண்டு மூன்றுக்கும். ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக மூன்று முறை. ஐந்து ஓட்டையின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து, குண்டின் 4.5ஐக் கழித்தால் பரவல் எவ்வளவு என்று கிடைக்கும்.

ஸ்பிரிங் பிஸ்டல் 17 மி.மீ. பேத்தியுடையது 4 மி.மீ. மொரினி 2 மி.மீ.

ஸ்பிரிங் பிஸ்டலைப் பற்றிக் கோச் சிரித்துக்கொண்டே, "அதை வைஸ்ல கட்டினா அது கோவிச்சுக்கும் சார்" என்றார். காரணம் இருக்கிறது. விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் பாய்கிறது. குண்டு குழலை விட்டு வெளியே போவதற்கு முன்பே துப்பாக்கி ஒரு குலுக்குக் குலுங்கிவிடும். கையில் பிடித்தால் ஒரு விதமாகக் குலுங்கும், இறுக்கிக் கட்டினால் வேறு விதமாக. அதனால் அதன் 17ஐ அப்படியே நம்பக் கூடாது. சரி, அதை ஒதுக்கிவிடலாம். மற்ற இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம்? 2 மி.மீ. விலையில்? ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் பயிற்சி முடிந்து பிள்ளைகள் எல்லாரும் இருந்தபோது அட்டைகளைச் சுவரில் ஒட்டி ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டேன். "பத்து வட்டம் 11.5. குண்டு அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொட்டாலே பத்து. அதாவது நடுவிலிருந்து 8 மி.மீ. விலகினாலும் பத்துதான். இந்தத் துப்பாக்கி 4 மி.மீ.க்குள்ள போடுது. இதுல என்ன குறை?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கணக்கு ஒன்று போட்டுக் காட்டினேன். துப்பாக்கியின் முன் முள்ளுக்கும் பின் முள்ளுக்கும் இடையே 320 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முன் முள் ஒரே ஒரு மி.மீ. தவறினால், 10 மீட்டரில் குண்டு 31 மி.மீ. தள்ளிப் போகும். பத்து ஏழாகிவிடும். கணக்கு சரிதான், இன்றைக்கும் சரிதான். அதை வைத்துக்கொண்டு பேத்தியைப் பார்த்துச் சொன்னேன்: "கண்ணு, துப்பாக்கி மேல பழி போடாத. தப்பு உன் கையில இருக்கு."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வீடு வரும்வரை வண்டியில் பின்னால் உட்கார்ந்து பேசாமல் வந்தாள். நான் பணத்தைக் காப்பாற்றிய திருப்தியில் இருந்தேன்.

அதன் பிறகு நான்கு மாதம். காலையில் ஐந்தரைக்கு எழுந்து சுவரைப் பார்த்து நின்று, ஒரு கிலோ மணல் நிரப்பிய பாட்டிலைக் கையில் நீட்டிப் பிடிப்பாள். ஒரு நிமிஷம் பிடிப்பு, ஒரு நிமிஷம் ஓய்வு, முப்பது தடவை. மணிக்கட்டில் வலி வந்து பட்டை கட்டிக்கொண்டாள். என் மனைவி, "புள்ள கையைப் பாருங்க, படிக்கற புள்ளைக்கு எதுக்குங்க இது" என்பாள். நான், "கை பலமாகட்டும், அதுதான் குறை" என்பேன்.

ஒரு போட்டி முடிந்து வந்த அன்று பேத்தி திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்குக் கை தாங்கல அப்புச்சி. நான் விட்டுடறேன். துப்பாக்கிய வித்துடச் சொல்லுங்க அப்பாகிட்ட."

என்ன மதிப்பெண் என்று கேட்டேன். நோட்டை நீட்டினாள். கோச் எல்லாப் பிள்ளைகளையும் நோட்டுப் போடச் சொல்வார். அன்றைய ஆறு சுற்று: 93, 94, 92, 93, 88, 86. மொத்தம் 546.

பக்கங்களைப் புரட்டினேன். போட்டி நாள் ஒவ்வொன்றிலும் முதல் நான்கு சுற்று ஒரு மாதிரி, கடைசி இரண்டும் சரிவு. ஓரத்தில் சின்ன எழுத்தில் அவள் எழுதியிருந்தது ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றே: "கடைசி 20: கீழே."

கீழே என்ற அந்த ஒரு சொல்லில் என் கண் நின்றது.

கை சோர்ந்தால் குண்டு எப்படிப் போகும்? நடுக்கம் கூடும். மேலே, கீழே, இடம், வலம் என்று சிதறும். இவள் நோட்டில் வரைந்து வைத்திருந்த புள்ளிகள் அப்படிச் சிதறவில்லை. முதல் சுற்றில் எவ்வளவு பரவலோ அதே பரவல்தான் கடைசியிலும். கூட்டம் கலையவே இல்லை, மொத்தமாகக் கீழே இறங்கியிருந்தது.

லேத் வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். காலையில் டூல் புதிது. முதல் நாற்பது பீஸ் அளவு பிசகாது. பிறகு முனை தேயத் தேய, ஒவ்வொரு பீஸும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அதனால்தான் முதல் பீஸ், நடுப் பீஸ், கடைசிப் பீஸ் மூன்றையும் அளந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. முதல் பீஸை மட்டும் அளந்துவிட்டு ஓகே போட்ட எத்தனை அப்ரெண்டிஸ் பையன்களை நான் கத்தியிருப்பேன்! ஒருவனை அழவே வைத்திருக்கிறேன்.

அதே ஆள் ரேஞ்சில் என்ன செய்தேன்? சிலிண்டரை நிறைத்துவிட்டு ஐந்து குண்டு சுட்டேன். மறுபடி நிறைத்து ஐந்து. மறுபடி நிறைத்து ஐந்து. மூன்று தடவையும் முதல் பீஸைத்தான் அளந்திருக்கிறேன்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே கோச்சைப் பார்த்தேன். அவர் குண்டின் வேகம் அளக்கும் கருவி ஒன்றைத் தெரிந்தவரிடமிருந்து வாங்கி வந்தார். இந்த முறை பேத்தியும் கூட இருந்தாள். 200 பார் அழுத்தத்துக்குச் சிலிண்டரை ஒரே ஒரு முறை நிறைத்தோம். போட்டிக்கு முன்னால் சுடுகிற சோதனைக் குண்டுகளுக்காகப் பதினைந்து. பிறகு இடையில் நிறைக்காமல் அறுபது. பத்துக்கு ஓர் அட்டை.

முதல் நான்கு அட்டையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஒன்றாகவே தெரிந்தது. ஐந்தாவது 3 மி.மீ. கீழே. ஆறாவது 7 மி.மீ. கீழே. வேகம் ஆரம்பத்தில் நொடிக்கு 148 மீட்டர், கடைசியில் 129.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் ரெகுலேட்டர் என்று ஒரு சின்னப் பாகம் உண்டு. சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே குறைந்த அழுத்தத்தில் காற்றை அளந்து கொடுப்பது அதன் வேலை. இவளுடையதில் சிலிண்டர் ஓரளவு இறங்கியதுமே ரெகுலேட்டர் கைவிட்டுவிட்டது. அதற்கப்புறம் காற்று குறையக் குறைய வேகமும் குறைந்தது. வேகம் குறைந்தால் குண்டு 10 மீட்டரைக் கடக்க அதிக நேரம் ஆகும், அந்த நேரத்தில் புவி ஈர்ப்பு அதை இன்னும் கொஞ்சம் கீழே இழுக்கும். பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 148இல் 22.4 மி.மீ. இறக்கம், 129இல் 29.4. வித்தியாசம் 7. அட்டை சொன்னதும் அதுவேதான்.

நடுவிலிருந்து 8 மி.மீ. விலகலாம் என்று சொற்பொழிவு செய்தேன் அல்லவா? அந்த எட்டில் ஏழைத் துப்பாக்கியே தின்றுவிட்டது. பிள்ளையின் கைக்கு மிச்சம் வைத்தது ஒன்று.

பயிற்சியில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பயிற்சியில் முப்பது நாற்பது சுட்டதும் சிலிண்டரைக் கழற்றி நிறைத்துவிடுவார்கள். போட்டியில்தான் ஒரே மூச்சில் எழுபத்தைந்து. அதோடு, கையால் சுடும்போது வரும் பெரிய பரவலுக்குள் ஏழு மி.மீ. ஒளிந்துகொள்ளும். கோச்சும், நானும், பார்த்தவர்கள் எல்லாரும் "கடைசியில் சோர்வு" என்றே நினைத்தோம். சோர்வு என்று சொல்வது நமக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

பேத்தியைக் கேட்டேன்: "கீழ போகுதுன்னு தெரிஞ்சும் ஏன் கண்ணு சைட்டைத் திருப்பல? ரெண்டு கிளிக் மேல ஏத்தியிருந்தா சரியாயிருக்குமே."

"நெனச்சேன் அப்புச்சி. ஆனா தப்பு கையிலன்னு நீங்க சொன்னீங்க. கையில தப்ப வெச்சுக்கிட்டு சைட்டைத் திருப்பினா ஏமாத்தற மாதிரின்னு விட்டுட்டேன்."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அதே பிள்ளைகள் முன்னால், அதே சுவரில் ஆறு அட்டையையும் ஒட்டினேன். "போன தடவை நான் சொன்னது தப்பு. பாதிதான் அளந்தேன். இவ கையில தப்பு இல்ல" என்றேன். அறுபத்தெட்டு வயசில் பதினைந்து வயசுப் பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்வது கஷ்டம்தான். சொல்லாமல் இருந்திருந்தால் அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

விலைக்கு வருகிறேன். பணத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று என்னைப் போல் யோசிக்கிற தாத்தா பாட்டிகள் இருப்பீர்கள்.

ஐந்தாயிரத்திலிருந்து நாற்பதாயிரத்துக்குப் போகும்போது துல்லியம் நிஜமாகவே தாவுகிறது. குலுக்கல் போகிறது, குண்டு ஒரே இடத்தில் விழுகிறது. கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இந்தத் தாவல் தேவை. நாற்பதாயிரத்திலிருந்து ஒன்றே முக்கால் லட்சத்துக்குப் போகும்போது ஐந்து குண்டின் பரவலில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அங்கே காசு வேறு ஒன்றுக்குப் போகிறது. எழுபத்தைந்தாவது குண்டும் முதல் குண்டு மாதிரியே போவதற்கு.

டிரிக்கரையும் அளந்தேன். விதிப்படி குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். பேத்தியுடையது ஒரு தடவை 510இல் விடும், இன்னொரு தடவை 590இல். மொரினி எத்தனை தடவை தூக்கினாலும் ஒரே இடம். வைஸில் கட்டியபோது இது தெரியவே தெரியாது, ஏனென்றால் வைஸ் அசையாது. விரல் எதிர்பார்க்கிற நேரத்தில் டிரிக்கர் விடவில்லை என்றால் மனிதக் கை அசைந்துவிடும். கைப்பிடி, எடைச் சமநிலை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

அதற்காக விலை ஏறினால் கவலை இல்லை என்றும் சொல்ல மாட்டேன். டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி நேரம் போனது. 575 எடுத்துப் பன்னிரண்டாவதாக வந்தார், எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அது மலிவான துப்பாக்கி அல்ல. பாரிஸில் துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டு சாதாரணமாக நின்று கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கினாரே, அந்தப் படத்தைக் காட்டி "பாருங்க, கருவியே வேண்டாம்" என்று பலர் எனக்கு அனுப்பினார்கள். அவர் விட்டது கண்ணுக்கான தனி லென்ஸ், மறைப்புத் தட்டு போன்றவற்றைத்தான். கையில் இருந்தது போட்டிக்கான துப்பாக்கி.

பேத்தியின் துப்பாக்கியை விற்றவரிடமே கொண்டுபோனோம். ரெகுலேட்டரில் சீல்களை மாற்றிக் கொடுத்தார். அடுத்த போட்டியில் 557. கடைசி இரண்டு சுற்றும் 92, 93. மதிப்பெண்ணைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. நான்கு மாத மணல் பாட்டில் வீண் போகவில்லை என்று கோச் சொன்னார். நல்ல மனிதர், என்னைத் தேற்றச் சொன்னார்.

எட்டு மாதத்தில் ரெகுலேட்டர் மறுபடி தொல்லை கொடுத்தது. டெபாசிட்டில் பாதியை எடுத்தேன். புதிய மொரினி வாங்கவில்லை. படிப்புக்காக விட்டுவிட்ட ஒரு பையனிடம் ஆறு வருஷப் பழைய ஸ்டெய்ர் இருந்தது, ஆஸ்திரியத் தயாரிப்பு. 95 ஆயிரம் சொன்னார்கள். பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைக் கட்டாயம் பாருங்கள். பத்து வருஷத்துக்கு மேல் போன சிலிண்டரைப் போட்டியில் பயன்படுத்தக் கூடாது, புதிது வாங்கும் செலவு தனி. அதைக் காட்டிப் பேசி 88 ஆயிரத்துக்கு முடித்தேன்.

காசைக் கொடுப்பதற்கு முன் ரேஞ்சில் வைஸில் கட்டினேன். ஐந்து குண்டு சுட்டேன். ஒரே ஓட்டை. விற்கிற பையனின் அப்பா, "பார்த்தீங்களா சார்" என்று பெருமையோடு கையை நீட்டினார். நானும் பழக்க தோஷத்தில் வெர்னியரை எடுத்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது: "அப்புச்சி, அறுபதும் போடுங்க."

போட்டேன். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.